எறிகணைக் காலத்தில் ஊர்ப்பணி
(திருகோணமலையில் ஆற்றிய உரை)



எறிகணை விழும் காலத்தில் வயிற்றுப்பாட்டைப் பார்ப்பதா, ஊர்ப்பணியைப் பார்ப்பதா என்று கேட்பவர் உளர். இரண்டும் ஒன்றையொன்று தின்னும் பகைகள் என்னும் எண்ணத்திலிருந்தே இக்கேள்வி பிறக்கின்றது. நமது மாவட்டத்தின் வரலாறு காட்டுவதோ வேறு.

திருமலைத் துறைமுகம் நமக்குச் சோறும் தந்தது. சாவையும் அழைத்து வந்தது. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அது அந்நிய வல்லரசுகளின் போர். 2006 இல் வந்ததோ நம் வாசலிலேயே மூண்ட போர். ஏப்ரல் மாதம் சம்பூர் முதலான மூதூர்க் கிழக்குக் கிராமங்களின் மீது அரச படைகளின் விமானக் குண்டுகளும் எறிகணைகளும் வீழ்ந்தன. ஜூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்று மதகை மூடினர். அந்நீரை நம்பிச் சிறுபோகம் செய்தோர் மூவினத்தவரும் அல்லரோ? ஆகஸ்டில் மூதூர் நகரே போர்க்களமாயிற்று. முஸ்லிம்களும் தமிழரும் ஊரைவிட்டு ஓடினர். நவம்பர் 8 ஆம் நாள் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்த நம்மவர் மீது படையினரின் எறிகணைகள் வீழ்ந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். கூலி வேலைக்கும் சென்றனர். பிள்ளைகளைப் பள்ளிக்கும் அனுப்பினர். தம் காணிக்காக மனு எழுதினர், நீதிமன்றமும் ஏறினர். அம்மக்கள் சிதறிய தனியாட்களாய்ப் போயிருந்தால், 2015, 2016 ஆம் ஆண்டுகளில் மீண்ட காணியை ஊராகத் திரும்பிப் பெற்றிருப்பரோ? ஊர்ப்பணியே அவர்களுடைய காணிக்கு வேலியாய் நின்றது.

ஆயினும் ஊர்ப்பணி ஏழையின் முதுகில் ஏறும் சுமையாகலாகாது. வேளாண்மை வெட்டும் நாளில் கமக்காரனைக் கூட்டத்துக்கு அழைப்பது நீதியன்று. மாதச் சம்பளம் பெறும் நாம், எழுத்து வேலையையும் கந்தோர் அலைச்சலையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பதுங்குகுழி வெட்டுவதை முறை வைத்துப் பங்கிடல் வேண்டும். அடுப்பையும் பிள்ளையையும் நோயாளியையும் பார்க்கும் பெண்களின் தலையில் பொதுச் சமையலையும் கட்டிவிடலாகாது. ஆபத்து வேளையில் எல்லோரையும் ஒரே கூரையின்கீழ்த் திரட்டவும் ஆகாது. அதைக் கதிரவெளி நமக்கு இரத்தத்தால் கற்பித்தது. காணி உறுதியும் பிறப்புச் சான்றும் ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துச் செல்ல ஆயத்தமாய் இருத்தல் வேண்டும்.

உக்ரெய்ன் நாட்டின் கார்கிவ் நகரில், ஏவுகணைகளுக்கு அஞ்சி, 2023 இல் நிலத்தடி ரயில் நிலையங்களில் பாடசாலை நடத்தினர். பிள்ளையின் படிப்பு போர் முடியும்வரை காத்திராது என்பதை அந்நகரத்தாரும் அறிந்திருந்தனர்.

நம் போர் 2009 இல் ஓய்ந்தது. ஓய்ந்த காலமே ஒழுங்கு செய்யும் காலம். அயல்வீட்டு முதியவரைத் தூக்கிச் செல்பவர் யார் என்பதை எறிகணை விழுந்தபின் தேடலாமா? இன்றே பேசி முடிப்போம். வீடும் வயலும் நம்முடையவை. அவற்றைக் காக்கும் ஊரும் நம்முடையதே.