கொல்லுலையும் புகைப்போக்கியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் புகை. தமிழாசிரியனுக்கும் பட்டறைப் புகைக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். யாம் சம்மட்டி பிடியாது எழுதுகோல் பிடித்தோமாயினும், உலையினால் உண்டு வளர்ந்த குடியினரே. அன்றியும், எம்மிடம் பயிலும் கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் பலர் பட்டறைக்குள் செல்லவே விரும்புவதில்லை. ஏனெனக் கேட்டால், உழைப்புக்கு அஞ்சுவதாக அவர்கள் கூறவில்லை. கண்ணெரிச்சலையும் இருமலையுமே கூறுகின்றனர். தொழில் அடுத்த தலைமுறைக்குச் செல்லாமைக்குக் கூலிக் குறைவு முதலிய காரணங்கள் பல உள. அவற்றுள் நம் கையாலேயே நீக்கத்தக்கது புகையொன்றே ஆகலின், அதனைப் பற்றி ஆராய்வது நம் கடமையாகும்.

ஏழூர்க்குப் பொதுவாய் நின்று உழைக்கும் ஓர் உலைத்துருத்தி குறுந்தொகையில் உவமையாக வருகின்றது. ஓரூர்க் கொல்லன் பல ஊர்க்கு உழைத்த அக்காலம் முதல், நம் பாட்டனார் காலம் வரையில், உலைக்களம் பெரும்பாலும் நாற்புறமும் திறந்த கொட்டகையாகவோ மரநிழலாகவோ இருந்தது. புகை தன் வழியே சென்றது. இன்றோ பட்டறைகள் ஊர் நடுவே, மூன்று பக்கமும் சுவர் எழுப்பி, மேலே தகரம் வேய்ந்து நிற்கின்றன. தோல் துருத்தி நின்ற இடத்தில் மின்சார ஊதி நின்று இடைவிடாது காற்றைச் செலுத்துகின்றது. நெருப்பு மிகுந்தது, புகையும் மிகுந்தது, அது வெளியேறும் வழியோ அடைபட்டது. நாம் ஊதுவதைத் திருத்திக்கொண்டோம், போக்குவதைத் திருத்திக்கொள்ளவில்லை.

இப்புகையின் கேடு சிறிதன்று. 1775ஆம் ஆண்டிலேயே பெர்சிவல் பாட் என்னும் ஆங்கில மருத்துவர், புகைப்போக்கி துடைக்கும் தொழிலாளருக்குப் புகைக்கரியினால் புற்றுநோய் உண்டாதலை எடுத்துக்காட்டினார். கண்ணுக்குத் தோன்றும் கரியினும் கொடியது கண்ணுக்குத் தோன்றாத கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. அது குருதியிலுள்ள செம்பொருளைப் பிராணவாயுவினும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் பற்றிக்கொள்வது. தலைவலியும், தலைச்சுற்றலும், குமட்டலுமே அதன் முதற் குறிகள். “மரக்கரிக்குப் புகையில்லை, ஆகவே தீங்கில்லை” என்று கருதுவோர் உளர். அது பெரும் பிழை. மரக்கரித் தணலினின்றும் இவ்வாயு மிகுதியாக எழும். ஆகலின் மழைக்காலத்தில் கதவுகளை அடைத்துவிட்டு, தணல் அவியாத பட்டறைக்குள் படுத்துறங்குதல் உயிருக்கே இறுதியாகும்.

இனி, புகைப்போக்கி எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைக் காண்போம். குழாய் புகையை உறிஞ்சி இழுப்பதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. சூடான காற்று இலேசாகும். குளிர்ந்த காற்று கனக்கும். குழாய்க்குள் நிற்கும் இலேசான காற்றை, வெளியிலுள்ள கனத்த காற்று கீழிருந்து உந்தி மேலேற்றுகின்றது. 30 பாகை வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.16 கிலோகிராம், அது 200 பாகைக்குச் சூடேறினால் முக்கால் கிலோகிராம் அளவே நிற்கும். இவ்வேறுபாடே இழுப்புக்கு மூலம். இவ்விழுப்பு மிக மெல்லியது. நான்கு மீட்டர் உயரமுள்ள குழாயில் அத்துணைச் சூடு இருப்பினும், அது ஒன்றரை மில்லிமீட்டர் நீரைத் தாங்கும் அழுத்தமே ஆகும். அதனாற்றான் சிறிய தடையும் அதனைக் கெடுத்துவிடுகின்றது.

இதினின்று முதல் விதி பெறப்படும்: புகையைச் சூடு ஆறுமுன் குழாய்க்குள் புகுத்துக. உலைக்கு மேலே இரண்டு மூன்று அடி உயரத்தில் குடைபோல் தகட்டைத் தொங்கவிடுதல் நம்மிடைப் பரவலாக உள்ளது. அக்குடைக்குள் புகையோடு பட்டறையின் குளிர்ந்த காற்றும் பெருமளவு கலந்து செல்கின்றது. கலந்த காற்று 50 பாகையளவில் நின்றுவிடின், முன் கூறிய இழுப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். பிறகு புகை குடையின் விளிம்பில் வழிந்து நம் முகத்திற்கே திரும்புவதில் வியப்பென்ன?

இந்நுட்பத்தை நன்கு உணர்ந்தவர் ரம்போர்டு பிரபு. வீட்டுக் கணப்புக்களைப் பற்றி 1796ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில், அகன்று கிடந்த புகைவழியின் தொண்டையைக் குறுக்கும்படி கூறினார். வேண்டாத குளிர்காற்று நுழைவது குறையவே, புகை விரைந்து ஏறிற்று. அக்கருத்தையே உலைக்கும் கொள்ளலாம். தலைக்கு மேலே குடை வைப்பதற்கு மாறாக, நெருப்பின் பக்கத்திலேயே ஒரு தகட்டுப் பெட்டியை நிறுத்தி, நெருப்பை நோக்கி அதற்கு ஒரு வாய் அமைத்திடுக. வாயின் அகலம் ஓர் அடி, உயரம் பத்து அங்குலம், கீழ்விளிம்பு உலைமேடையோடு ஒட்டியிருத்தல் வேண்டும். பெட்டியின் மேலிருந்து குழாய் நேரே மேலெழுக. நெருப்பின் ஓரத்தினின்றே புகையும் சிறிது சுவாலையும் வளைந்து அவ்வாய்க்குள் செல்லும். நீண்ட இரும்பைத் திருப்பிப் போடவும் தலைக்கு மேல் தடையிராது.

இரண்டாம் விதி: குழாய் அகன்றதாக இருத்தல் வேண்டும். கையிற் கிடைத்த ஆறங்குலக் குழாயை நிறுத்திவிட்டு, இழுப்பில்லையென வருந்துவோர் பலர். ஆறங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு 28 சதுர அங்குலம். பன்னிரண்டு அங்குலக் குழாய்க்கோ 113 சதுர அங்குலம். விட்டம் இரட்டித்தால் வழி நான்கு மடங்காகின்றது. உயரத்தால் இப்பயன் எளிதில் வாராது; உயரத்தை நான்கு மடங்காக்கினாலன்றிப் புகையின் வேகம் இரு மடங்காகாது. ஆகவே நிலக்கரி எரிக்கும் உலைக்குப் பத்து முதல் பன்னிரண்டு அங்குலக் குழாயே தக்கது.

மூன்றாம் விதி: குழாய் நேராக நிற்கட்டும். ஒவ்வொரு வளைவும் மெல்லிய அவ்விழுப்பைத் தின்றுவிடும். வளைத்தே தீரவேண்டுமாயின் முழங்கைபோல் மடக்காது சாய்வாக வளைக்க. குழாய் கூரையைத் துளைத்து வெளிப்படும் இடத்திற்கு மேல் மூன்றடியும், பத்தடிக்குள்ளிருக்கும் முகடு, சுவர் முதலியவற்றினும் இரண்டடியும் உயர்ந்திருத்தல் வேண்டும். இன்றேல் முகட்டைத் தாண்டும் காற்று சுழன்று குழாய்க்குள் இறங்கும். மழைத்தொப்பிக்கும் குழாயின் வாய்க்கும் இடையே, குழாயின் விட்டத்தில் பாதிக்குக் குறையாத இடைவெளி விடுக. சுவரில் ஓட்டையிட்டுப் புகையைப் பக்கவாட்டில் தள்ளுவது அயலார் வீட்டுச் சன்னலுக்கு அதனை அனுப்புவதாகும். உயரப் போக்கினால் புகை கலைந்து போகும். அயலாரோடு பகையும் வாராது.

நான்காம் விதியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வருதல் வேண்டும். கதவும் சன்னலும் அடைத்த அறையில் எத்துணை நல்ல புகைப்போக்கியும் பயன்படாது. சுவரில் மின்விசிறி வைத்துக் காற்றை வெளியே தள்ளினாலோ, வரவு போதாதபோது அது புகைப்போக்கியின் வழியாகவே காற்றைக் கீழே இழுத்துவிடும். இதனை அறிய ஓர் ஊதுவத்தி போதும். உலை எரியும்போது அதனைப் பெட்டியின் வாயருகே பிடித்துப் பார்க்க. புகை உள்நோக்கிச் சாய்ந்தால் நன்று. வெளிநோக்கிச் சாய்ந்தால் கதவைத் திறந்து மீண்டும் பார்க்க. அப்போது சரியாயின் குறை காற்று வரவில் உளது. சரியாகாவிடின் குழாயை ஆராய்க.

இனிச் சில எச்சரிக்கைகள். துத்தநாகம் பூசிய தகட்டை நெருப்பருகே வைக்கலாகாது. சூடேறினால் அதன் ஆவி காய்ச்சலை உண்டாக்கும். பெட்டிக்குக் கறுப்பு இரும்புத் தகடே ஏற்றது. எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிப் பயன்படுத்த எண்ணுவோர், உள்ளே எஞ்சிய ஆவி தீப்பற்றி வெடிக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்க. ஆஸ்பெஸ்டாஸ் குழாயை அறவே விலக்குக. அதன் தூளே புற்றுநோய்க்கு வித்து. ஓலை, மரம் முதலியவற்றினின்றும் குழாய் ஒன்றரை அடியேனும் விலகி நிற்றல் வேண்டும். உலை மூட்டுமுன் ஒரு தாளைக் கொளுத்திப் பெட்டிக்குள் எரித்தால், குழாய் சூடேறித் தொடக்கப் புகையையும் ஏற்றுக்கொள்ளும். பச்சை நிலக்கரியை நெருப்பின் நடுவே கொட்டாது ஓரத்தில் வைத்து, புகை நீங்கியபின் மெல்ல நடுவே தள்ளுக. குழாயிற் படியும் கரியை அவ்வப்போது துடைத்தெடுக்க. அப்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க.

அன்பர்களே! இதற்கு ஆகும் செலவு யாதெனக் கேட்பீர்கள். பிறர்க்கெல்லாம் தகடு வாங்குவதோடு கூலியும் கொடுத்தல் வேண்டும். நமக்கோ வெட்டவும், வளைக்கவும், தறையவும் கையிருக்கின்றது. ஊரார்க்கு ஏரும் அரிவாளும் ஆக்கிக்கொடுத்த கை, தன் வீட்டார் மூச்சுக்கு ஒரு குழாய் ஆக்கிக்கொள்ள இயலாதா? பட்டறையை ஒட்டிய வீட்டில் தாய்மாரும் குழந்தைகளும் அப்புகையையே உட்கொள்கின்றனர் என்பதை மறவாதிருப்போமாக.

நெருப்பின்றிப் புகையாது என்பர். புகை போகும் வழியின்றி நெருப்பும் நன்கு எரியாது என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்க. நம் சங்கத்தார் முதற்கண் யாரேனும் ஓர் அன்பர் பட்டறையில் இவ்வாறு ஒரு புகைப்போக்கி அமைத்து, ஏனையோர் வந்து ஊதுவத்தி பிடித்துப் பார்க்க ஏற்பாடு செய்யுமாறு வேண்டிக்கொள்கின்றோம். கண்டபின் சொற்பொழிவு வேண்டுவதில்லை.