நோயாளியும் இன்சொல்லும்
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வைத்தியசாலை சென்று மீண்ட நம்மவரை விசாரித்தால், அவர் முதலில் கூறுவது மருந்தின் பெயரையன்று. வைத்தியர் முகம் பார்த்துப் பேசினாரா, தாதியார் அழைத்தவுடன் வந்தாரா என்பதையேயாம். இஃது அற்ப விஷயமன்று என்பதையே இன்று சொல்லக் கருதினோம்.

திருவள்ளுவனார் 95-ஆம் அதிகாரத்தின் முடிவில், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என வைத்தியத்தை நான்காக வகுத்தார். பணிபுரிவோனையும் வைத்தியரோடு ஒரே வரிசையில் வைத்தெண்ணியமை நோக்கத்தக்கது. ஃபுளோரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் 1859-இல் வெளியிட்ட தம் நூலில், நோயாளி தலையைத் திருப்ப வேண்டாதபடி அவர் பார்வையில் அமர்ந்தே பேசுதல் வேண்டும் என்றும், அறை வாயிலில் நின்று அவரைப் பற்றி முணுமுணுத்தல் தீது என்றும் அறிவுறுத்தினார். இவற்றிற்குப் பொருட்செலவு சிறிதும் இல்லை.

யாம் கண்டதொன்றைக் கூறுவோம். நமது சங்கத்துப் பெரியவர் ஒருவர் நீரிழிவு நோயுடையார். மனைவியாரை இழந்து தனியே வசிப்பவர். ஒரு வைத்தியசாலையில், "சொன்னபடி உண்ணாதவர் இங்கு ஏன் வருகிறீர்?" எனப் பலர் முன்னிலையில் கடியப்பட்டார். அன்றுமுதல் அவர் அங்குச் செல்லவில்லை. வெட்கத்தால், அயலூரிலுள்ள மகனுக்கும் தெரிவிக்கவில்லை. பாதத்துச் சிறு புண் முற்றிய பின்னரே யாம் அறிந்து, பிறிதோரிடத்திற்கு அழைத்துச் சென்றோம். அங்கே தாதியார் ஒருவர் அருகில் அமர்ந்து, "ஐயா, வீட்டில் யார் சமைக்கிறார்கள்?" என்று வினவினார். மூன்று வேளையும் அரிசிக் கஞ்சியே காய்ச்சி உண்டு வந்ததைப் பெரியவர் அப்பொழுதுதான் வாய்விட்டுச் சொன்னார். தனியே இருப்பவருக்கு இயலும் உணவு எதுவென அவ்வம்மையார் பொறுமையாக விளக்கினார். ஒரு விரல் போயிற்று, கால் தப்பிற்று. "முன்னரே ஒருவர் இப்படிக் கேட்டிருந்தால் விரலும் தப்பியிருக்கும்" என்பார் அவர். கடுஞ்சொல் நோயாளியைத் திருத்துவதில்லை; ஒளியச் செய்கிறது.

ஆயினும் குறை ஒரு பக்கத்தது மட்டுமன்று. இரவெல்லாம் கண்விழித்துப் பலரைக் கவனிக்கும் தாதியாரும் மனிதரே. கூட்டமாய்ப் படுக்கையைச் சூழ்ந்து நிற்பதும், வைத்தியரை அதட்டுவதும் நம்மவர் பிழைகளாம். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் தாதியர் பள்ளி தொடங்கிய காலத்தில், அத்தொழிலை இழிவென எண்ணினோர் நம் நாட்டில் பலர். அவ்வெண்ணம் நம் இல்லங்களில் எஞ்சியிருப்பின் இன்றே அகலுக. விருப்பமும் பொறுமையும் உடைய நம் மக்களை, ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி, இப்பணிக்கு மனமுவந்து அனுப்புவோமாக.

இறுதியாக ஒரு விண்ணப்பம். துணையற்ற முதியோருடன் வைத்தியசாலைக்குச் சென்றுவர நமது வாலிபர் சிலர் முன்வரல் வேண்டும். இசைவோர் காரியதரிசியிடம் பெயர் தருக. அப்பெரியவருடன் அன்று ஒருவர் சென்றிருப்பின் அவர் தனியே நாணித் திரும்பியிரார் என்பதை நினைவூட்டி அமர்கிறோம்.