தாமல்: பஸ் ஜன்னல்ல தெரியுற ஏரி, கல்வெட்டுல இருக்குற ஊர்

(படிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கப்பட்ட எழுத்து வடிவம்)

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரோட்டுல போனவங்க பல பேர் இந்த ஊரைப் பார்த்திருப்பீங்க, பேருதான் தெரிஞ்சிருக்காது. காஞ்சிபுரத்தைத் தாண்டி வேலூர் பக்கமா சுமார் 15 கிலோமீட்டர். ஹைவேயை ஒட்டி ஒரு பெரிய ஏரி. ஐப்பசி, கார்த்திகையில நல்ல மழை பெஞ்சா கடல் மாதிரி நிக்கும். கோடையில அதே இடத்துல மாடு மேயும். அதுதான் தாமல்.

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு நண்பர் கேட்ட கேள்வி. "இங்கிலாந்துல நூறு வீடு இருக்குற கிராமத்துக்குக்கூட வரலாறு எழுதி வெச்சிருக்கான். நம்ம ஊருங்களுக்கு ஏன்டா இல்ல?"

அங்க பல கிராமங்களோட கதை 'டூம்ஸ்டே புக்'லதான் ஆரம்பிக்கும். 1086-ல வில்லியம் மன்னர் எடுத்த நிலக் கணக்கு. இதுல ஆச்சரியம் என்னன்னா, அதே 1086-ல இங்கயும் முதலாம் குலோத்துங்கச் சோழன் நிலத்தை அளக்க வெச்சிருக்கார். அப்போ பதிவு பண்ற பழக்கம் நமக்கும் இருந்திருக்கு. அவங்க கணக்கு புத்தகமா ஒரே இடத்துல தங்கிடுச்சு. நம்ம கணக்கு கோயில் சுவர்கள்ல ஊர் ஊரா சிதறிக் கிடக்கு.

அந்தக் கல்வெட்டுகள்ல தாமலைத் தேடினா, அது ஒரு சின்ன ஊரா மட்டும் வராது. தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களா பிரிச்சிருந்தாங்க. காஞ்சிபுரம் இருந்தது எயிற்கோட்டத்துல. பக்கத்துலயே தாமர் கோட்டம். இந்த ஊர் பேரால ஒரு நாட்டுப் பிரிவே இருந்திருக்கு! இன்னைக்கு அது ஒரு ஊராட்சி.

ஊருக்குள்ள ரெண்டு பழைய கோயில். ஒண்ணு வராகீஸ்வரர், வராக அவதாரம் எடுத்த பெருமாள் சிவனை வழிபட்ட தலம்னு ஐதீகம். அங்க தூண்ல இருக்குற சரபேஸ்வரரைப் பார்க்கவே வெளியூர்லருந்து வர்றாங்க. இன்னொண்ணு தாமோதரப் பெருமாள். தாமம்னா கயிறு, உதரம்னா வயிறு. யசோதை கயித்தால கட்டிப்போட்ட கண்ணன்.

ஆனா என்னைக் கேட்டா, ஊரோட முக்கியமான கட்டுமானம் ஏரிதான். இந்தப் பகுதி தட்டையான நிலம். பாலாறு இருக்கு, ஆனா வருஷத்துல பெரும்பாலான நாள் மணல்தான் தெரியும். மழை பெருசா வர்றது மூணு மாசம், பயிருக்குத் தண்ணி வேணும் அதுக்கப்புறமும். அதனால மழையையும் ஆத்து வெள்ளத்தையும் கரை போட்டு நிறுத்தினாங்க. மதகு வழியா வயலுக்கு. நிரம்பினா கலங்கல் வழியா கீழ இருக்குற அடுத்த ஏரிக்கு. நாங்க சாஃப்ட்வேர்ல பஃபர்னு சொல்றதை மண்ணுல கட்டியிருக்காங்க.

கட்டினா மட்டும் போதாது, நடத்தணும். இதே மாவட்டத்துல உத்திரமேரூர்ல, 921-ஆம் ஆண்டு பராந்தகச் சோழன் காலக் கல்வெட்டுல, குடவோலை மூலமா ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்த விதி இருக்கு. நம்ம தாத்தா காலத்துல அந்த வேலையோட கடைசிக் கண்ணி கம்புகட்டி. எந்த மதகை எப்போ திறக்கணும், கடைமடை வயலுக்கு எத்தனை நாள் தண்ணி போகணும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். அறுவடை ஆனா கூலியா நெல்லு.

அப்புறம் போர்வெல் வந்துச்சு. அவங்கவங்க கிணறு, அவங்கவங்க மோட்டார். தப்பு சொல்லல, மழை பொய்ச்ச வருஷம் பயிரைக் காப்பாத்தினது அதுதான். ஆனா ஏரித் தண்ணிக்காக ஊரே கூடிப் பேச வேண்டிய அவசியம் குறைஞ்சுபோச்சு. வரத்துக் கால்வாய்ல முள் மண்டினா, அது யாரோட வேலை? இத்தனைக்கும் அந்த போர்வெல்ல தண்ணி ஊறவும் ஏரி நிரம்பணும்.

ஏரிக்கரையில ஒரு பெரியவர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். மதகுகளோட பேரு, எது எந்தக் கழனிக்குப் பாயும்னு வரிசையா சொன்னார். "இதெல்லாம் எங்கயாவது எழுதி வெச்சிருக்கா தாத்தா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "எழுதி என்னப்பா பண்ண? தண்ணி விடுறவனுக்குத் தெரிஞ்சா போதாதா?"

இப்போ தண்ணி விட ஆள் இல்ல. நண்பர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். கோட்டம் கல்லுல இருக்கு, யாராவது படிச்சுக்குவாங்க. மதகு பேரு அவர் நினைவுல மட்டும்தான் இருக்கு. நான் அன்னைக்கு போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிட்டேன். நீங்களும் அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது உங்க ஏரியோட மதகு எத்தனை, கலங்கல் எங்க, தண்ணி எங்கிருந்து வருது, எங்க போகுதுன்னு பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வையுங்க. கிடைச்சதை எங்களுக்கும் அனுப்புங்க.