சின்னது போகும், பெரியது போகாது



என்ன வேலை பார்க்கிறாய் என்று காலையிலிருந்து பலரும் கேட்டார்கள். சிறிய இணைய நிறுவனம் ஒன்றில் ரூட்டர், ஸ்விட்சுகளுக்குக் காவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போன்ற நிறுவனங்கள் சென்னையில் ஒரு பரிமாற்ற மையத்தில் ஒன்றோடொன்று நேரே இணைந்துகொள்கின்றன. இதுதான் பியரிங். அது இல்லாவிட்டால் பக்கத்துத் தெருவுக்குப் போகிற தகவல்கூடக் காசு கொடுத்து வாங்கிய வழியில் சுற்றிக்கொண்டு போகும்.

2022-ல் ஒரு நாள் அப்படியொரு இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. பிங் போகிறது. பி.ஜி.பி. தொடர்பும் ஏற்படுகிறது; சரியாக 180 நொடியில் விழுகிறது. அறுத்தது எதிர்ப்பக்கம் என்று எங்கள் ரூட்டரின் லாக் சொன்னது. "சார், தப்பு அவங்க பக்கம்தான்"னு பையன்கள் முடிவே கட்டிட்டாங்க. மேலதிகாரியோ பியரிங்கே வேண்டாம், மாசாமாசம் பணம் கட்டிடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

எனக்கு அந்த 180 உறுத்தியது. அது பி.ஜி.பி. காத்திருக்கும் கெடு. 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லும் செய்தி 19 பைட்தான். எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். வழிப்பட்டியலை அனுப்பும்போதோ பாக்கெட் 1500 பைட்டையும் நிரப்பிக்கொள்ளும். அது வழியில் தொலைந்தால் டி.சி.பி. வரிசையில் பின்னால் வரும் 19 பைட்டும் போய்ச் சேராது. எதிர்ப்பக்கத்துக்கு நாங்கள் செத்த கணக்குத்தான். 180 நொடி பொறுத்துக் கதவைச் சாத்தினால் என்ன தப்பு?

பிங் போகுது என்று யாராவது சொன்னால், தம்பிகளா, எத்தனை பைட் என்று கேளுங்கள். லினக்ஸில் சும்மா அடித்தால் 56 தான். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அளவை ஏற்றிக்கொண்டே போனோம். 1468 போயிற்று. 1469 போகவில்லை. தலைப்பு 28 சேர்த்தால் 1496. 1500-க்கு நாலு குறைகிறது!

நாலு பைட் என்றதுமே விளங்கிவிட்டது. வி-லேன் சீட்டு! முந்தின நாள் மாற்றிவைத்த புது ஸ்விட்சில் ஃப்ரேம் உச்சவரம்பு 1518. சீட்டு ஒட்டிய முழு ஃப்ரேம் 1522. மிஞ்சியதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுக்கொண்டிருந்தது. அதன் கணக்கில் மட்டும் எண் ஏறிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை.

வரம்பை உயர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றோம். 180. 181. 182... ஒரு பையன் டீ வாங்கக் கிளம்பினான்.

எதிர்ப்பக்கத்து நண்பருக்குப் போன் போட்டேன். "நாங்க ஒண்ணுமே தொடலையே சார்" என்றார். உண்மைதான்.