இரண்டு ஊசிகளின் தையல்

ஓய்வு வேளைகளில் வீட்டிலிருந்தே தோல்வேலை பழக விரும்புவோருக்காக, தோலின் வகைகள், உபகரணங்கள், செய்முறை ஆகிய மூன்றையும் இந்தக் கால்மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டுமென்று வானொலி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். மூன்றையும் தொட்டுத்தான் செல்வேன். ஆயினும், முப்பது ஆண்டுகளாக என் மாலைப்பொழுதுகளை ஆட்கொண்டிருப்பது செய்முறையின் ஒரு பகுதியாகிய தையலேயாகையால், பேச்சு அந்தப் பக்கமாகச் சற்று சாய்வதற்கு உங்கள் அனுமதியை முன்கூட்டியே வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் தோலைப் பார்ப்போம். ஆட்டிலிருந்தோ மாட்டிலிருந்தோ உரித்த பச்சைத்தோல் இரண்டொரு நாளில் அழுகத் தொடங்கிவிடும். அதை அழுகாப் பொருளாக மாற்றுவதே பதனிடுதல். நம் நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் வாரக்கணக்கில் தோலை மூழ்கவைத்துப் பதனிடும் முறை நெடுங்காலமாக இருந்துவந்தது. திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் வாணியம்பாடியிலும் அவ்வாறு பதமான தோல் கப்பலேறிச் சீமைக்குச் சென்று பெரும் புகழ் பெற்றது. பிறகு குரோமிய உப்பினால் மிகச் சில நாட்களிலேயே பதனிடும் முறை வந்தது. 1903ஆம் ஆண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் அதற்கான சோதனைகளைத் தொடங்கினார். ரயிலில் போகும்போது நீங்கள் கடந்து செல்லும் குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்ததே அங்கே இயங்கிய குரோம் தோல் ஆலையினால்தான். 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்த வரலாறும் சுவையானதே. அதை மற்றொரு நாளுக்கு வைத்துக்கொள்வோம்.

வீட்டில் பழகுவோருக்கு நான் சிபாரிசு செய்வது பட்டையில் பதனிட்ட தோலையே. குரோம் தோல் மென்மையானது, நீருக்கு அஞ்சாதது. செருப்பின் மேல்பாகத்துக்கும் கைப்பைக்கும் மிகவும் ஏற்றது. ஆனால் பட்டைத்தோலோ, ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒரு பூவை அழுத்தினால் அந்தப் பூவைத் தன்மேல் நிறுத்திக்கொள்ளும். வெட்டிய ஓரத்தை நனைத்துத் தேய்த்தால் கொம்புபோலப் பளபளக்கும். சென்னைப் பெரியமேட்டுக் கடைகளில் இரண்டும் அருகருகே அடுக்கியிருக்கும். வெட்டிய ஓரத்தைக் கவனியுங்கள்: நடுவில் நீலச்சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அது குரோம் தோல்; ஒரே பழுப்பாக இருந்தால் பட்டைத்தோல். விலங்கின் முதுகுப் பாகம் உறுதியானது, வயிற்றுப் பாகம் இழுத்த இழுப்புக்கு நீளும் சுபாவமுடையது என்பதையும் நினைவில் வையுங்கள். இடுப்பு வாருக்கு முதுகுத் தோல்தான் வேண்டும்.

இனி உபகரணங்கள். பட்டியலைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டாம். கூரான கத்தி ஒன்று, அதைத் தீட்டச் சாணைக்கல் ஒன்று, இரும்பு அளவுகோல் ஒன்று, பள்ளிக்கூடத்துக் கவராயம், குத்தூசி, முனை மழுங்கிய ஊசிகள் இரண்டு, லினன் நூல், ஒரு கட்டித் தேன்மெழுகு, தச்சரிடமிருந்து ஒரு கொட்டாப்புளி, ஒரு மரக்கவ்வி. முதல் ஆண்டுக்கு இவை போதும். கத்தியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மொக்கைக் கத்திதான் கையைக் காயப்படுத்தும். ஏனெனில் அதை நாம் பலங்கொண்டு அழுத்துகிறோம், அழுத்தும் கை வழுக்கிவிடுகிறது. வேலைக்கு உட்காருமுன் சாணைக்கல்லில் பத்துமுறை தீட்டும் பழக்கத்தைச் சிரத்தையாகக் கைக்கொள்ளுங்கள்.

இப்போது, தாய்மார்களே, அன்பர்களே, நான் மிகவும் பேச விரும்பும் இடத்துக்கு வந்துவிட்டேன்.

திண்டுக்கல்லில் நான் இளம் ஆசிரியனாக இருந்த நாளில், பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு முதியவர் வேப்பமரத்தடியில் அமர்ந்து தோல் தைத்துக்கொண்டிருப்பார். ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தில் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாள வாரும் தைத்தவர். வண்டிகள் மறைந்தபின் பைகளும் செருப்புகளும் தைத்துப் பிழைத்துவந்தார். ஒருநாள் என் பையின் வார் அறுந்துபோக, அவர் முன்னே தரையில் அமர்ந்தேன். அவர் பதறிப்போய், “வாத்தியாரய்யா, இங்கே உட்காரலாமா?” என்றார். கற்க வந்தவன் எங்கே உட்காருவான் என்று நான் சொன்ன பின்னும் அவர் முகத்தில் இருந்த கூச்சம் அகல இரண்டு மாதங்களாயின. ஒவ்வொரு வீட்டுக் காலுக்கும் காவல் செய்து கொடுத்தவர்களை வாசலிலேயே நிறுத்திவைத்த ஒரு சமூகத்தின் பிள்ளை நான் என்பதை அந்தக் கூச்சம் எனக்கு உணர்த்திற்று.

அவர் தம் பெட்டியிலிருந்து ஒரு பழைய கடிவாள வாரை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு பக்கத்து நூல் பல இடங்களில் தேய்ந்து அறுந்து போயிருந்தது. ஆனால் இரண்டு தோல்களும் இம்மியும் பிரியவில்லை. இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. “குதிரை ஓடுறப்ப வாரு பிரிஞ்சா வண்டியில இருக்கறவங்க கதி என்ன ஆகிறது?” என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் மீண்டும் தைக்கலானார்.

அந்த வார் பிரியாததன் ரகசியத்தை இப்போது சொல்கிறேன். தையல் இயந்திரத்தில் மேல்நூல் மேலேயே ஓடும், கீழ்நூல் கீழேயே ஓடும். இரண்டும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கொக்கியாகப் பற்றிக்கொள்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றதற்குப் பிடிப்பில்லை. தையல் வரிசையாகக் கழன்றுவிடும். அவருடைய இரண்டு ஊசித் தையலிலோ, ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசிகளைக் கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்துகிறோம். முன்னே போனது பின்னே வருகிறது, பின்னே இருந்தது முன்னே வருகிறது. ஆகவே ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும், மறுபக்கத்து நூல் அத்துளைகள் அனைத்தினூடும் சென்று தோலைத் தனியாகவே தாங்கிநிற்கிறது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு மூக்குக்கண்ணாடி உறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புள்ள தோலில் 18 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டி, நடுவே மடியுங்கள். நீண்ட ஓரம் ஒன்றும் அடிப்புறம் ஒன்றுமாக 27 சென்டிமீட்டர் தைக்க வேண்டும். நூல் அதைப்போல் நான்கு மடங்கு வேண்டும். ஊசி கோக்கும் நீளத்தையும் சேர்த்து ஒன்றேகால் மீட்டர் வைத்துக்கொண்டு, தேன்மெழுகில் மூன்றுமுறை இழுத்தெடுங்கள். ஓரத்திலிருந்து நான்கு மில்லிமீட்டர் உள்ளே கவராயத்தால் கோடு கீறி, அதே நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் அக்கவராயத்தை அக்கோட்டின்மேல் நடக்கவிட்டுப் புள்ளிகள் குறியுங்கள். ஏறக்குறைய 70 புள்ளிகள் விழும்.

இங்கே அவசரம் கூடாது. துணியில் ஊசி தவறினால் இழை மீண்டும் கூடிக்கொள்ளும்; தோல் மட்டும் துளையை மறவாது. குறிக்காமல் கண்ணளவில் குத்திய என் முதல் உறை இன்றும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதன் கோணலான துளைகளைப் பார்க்கும்போதெல்லாம், ஐந்து நிமிஷப் பொறுமைக்கு எவ்வளவு மதிப்பு உண்டென்பது மனத்தில் பதிகிறது.

உறையைத் தொடைகளுக்கிடையே ஒரு மரக்கவ்வியில் நிறுத்திக்கொண்டு, துளையிட்டு, முதல் துளையில் நூலைப் பாதியளவு இழுத்துவிடுங்கள். பின்பு ஒவ்வொரு துளையிலும் இடக்கை ஊசி முதலில், வலக்கை ஊசி அடுத்தது. இந்தக் கிரமம் ஒருபோதும் மாறக்கூடாது. மாறினால் தையலின் சாய்வு மாறிவிடும். இரண்டாவது ஊசி முன்னால் சென்ற நூலைக் குத்திவிடாதபடி அந்நூலைச் சற்றே பின்னிழுத்துப் பிடியுங்கள். இரு கைகளாலும் சமபலத்தோடு இழுத்து இறுக்குங்கள். பத்துத் தையல் போட்டபின் உங்கள் மூச்சும் அந்தத் தாளத்தில் ஓடக் காண்பீர்கள். வீட்டுக் கவலைகள் அவ்வளவு நேரம் வாசலுக்கு வெளியே காத்திருக்கும். கடைசியில் மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து நிறுத்துங்கள்.

சாயமேற்றுதல், பூவேலை, ஓரம் மெருகேற்றுதல் என்று இன்னும் எவ்வளவோ உண்டு. நேரம் நெருங்கிவிட்டது, அவற்றின் வாசலை மட்டும் காட்டிவிட்டேன். தோலைப் பார்த்து வாங்குவது, கத்தியைத் தீட்டி வைப்பது, குறித்த பின்பே குத்துவது, இரண்டு ஊசிகளால் தைப்பது ஆகிய இந்நான்கையும் பற்றிக்கொண்டால் மற்றவை தாமே வந்துசேரும். இதைக் கேட்டவர்களில் யாரேனும் ஒருவர் இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கண்ணாடி உறையைத் தைத்து முடிப்பார் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன். முடிப்பவருக்கு அந்த முதியவரின் வழக்கம் ஒன்றையும் ஒப்படைக்கிறேன். எந்தத் தையலை முடித்தாலும் அவர் நூலின் நுனியை உடனே நறுக்கமாட்டார். தோலை இரு கைகளாலும் பற்றி ஒருமுறை பலமாக இழுத்துப் பார்ப்பார், அது அசையவில்லையென்று கண்ட பிறகே கத்தியை எடுப்பார். நீங்களும் அவ்வாறே இழுத்துப் பாருங்கள்.