சட்டக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் கடமை
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

குழந்தைகளின் நாடகமும் இசையும் காத்திருக்கும் இந்த மாலையில், ஒரு ரயில்வே குமாஸ்தா சட்டக் கல்லூரியைப் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்தவன் நான். சட்டக் கல்லூரியின் வாயிற்படியை மாணவனாக மிதித்தவன் அல்லன். ஆயினும், நம் காலனிப் பிள்ளைகள் சிலர் இப்போது இம்மும்பை நகரிலே சட்டம் பயின்று வருகின்றனர். படிப்பு முடிந்ததும் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தில் சேர வேண்டுமா, சேர்ந்தால் என்ன பயன் என்று அவர்களுள் ஒருவர் நம் செயலாளரைக் கேட்டார். செயலாளர் அந்தக் கேள்வியை என்பால் திருப்பிவிட்டார். நோயின் தன்மையை மருத்துவர் அறிவார். வலியை அறிபவன் நோயாளியே. அந்த முறையில், சட்டத்தைக் கற்றவனாக அன்றி, சட்டத்தால் பயனடைய வேண்டிய பொதுமக்களுள் ஒருவனாக நின்று பேசுகிறேன்.

பழைய மாணவர் சங்கம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை யாவை? ஆண்டுக்கு ஒருமுறை கூடுதல், ஆசிரியர்க்குப் பொன்னாடை போர்த்துதல், விருந்துண்டு புகைப்படம் எடுத்துக்கொள்ளுதல். இவை தவறல்ல. பழகிய முகங்களைக் காண்பது மனத்துக்கு இனியதே. ஆயின், சட்டக் கல்லூரியின் பழைய மாணவர்கள் இவ்வளவில் நின்றுவிடலாகாது. அவர்களுடைய தொழிலின் இயல்பே அவர்கள்மீது வேறொரு பொறுப்பைச் சுமத்துகிறது.

அது யாதெனில், சட்டப் பட்டம் வாழ்க்கைப் பயணத்துக்கு முழு டிக்கெட் அன்று. பொறியியல் பயின்றவர் ஒரு தொழிற்சாலையில் அமர்ந்த மாதமே சம்பளம் பெறுகிறார். வக்கீலாக விரும்புபவரோ பட்டம் பெற்றபின் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்படி பார் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2010 முதற்கொண்டு அகில இந்தியப் பார் தேர்விலும் தேற வேண்டியிருக்கிறது. அதன்பின் ஒரு சீனியரின் அலுவலகத்தில் இடம் பெற்று, கட்டுத் தூக்கி, வாய்தா குறித்து, தொழில் பழக வேண்டும். அந்தச் சில ஆண்டுகளில் வருவாய் சொற்பம். பலருக்கு அதுவும் இல்லை. இளம் வக்கீல்களுக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும், கிராமப்புறங்களில் 15,000 ரூபாயும் குறைந்த அளவாகத் தர வேண்டுமென்று இந்தியப் பார் கவுன்சில் 2024 அக்டோபரில் பரிந்துரை செய்தது. அப்படி ஒரு பரிந்துரை வேண்டியிருந்தது என்பதே நிலைமையைக் காட்டப் போதுமானது.

தந்தையோ மாமனோ வக்கீலாக இருந்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அலுவலகமும் உண்டு, நூலகமும் உண்டு, கட்சிக்காரரும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைக்கு யார் உளர்? தந்தை பாயிண்ட்ஸ்மேன், அல்லது என்னைப் போல் குமாஸ்தா. நியாயஸ்தலத்தில் நமக்குத் தெரிந்தவர் ஒருவரும் இலர். நம் பகுதியில் ஓர் இளைஞர் நல்ல மதிப்பெண்களோடு சட்டப் பட்டம் பெற்றார். எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்று சொல்வாரின்றி இரண்டாண்டுகள் அலைந்து, இறுதியில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய கறுப்புக் கோட்டு இன்றும் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அவர் தோற்றார் என்று நான் கூறமாட்டேன். அவருக்கு முன் அதே கல்லூரியில் பயின்று உயர்ந்தவர்கள் பின்னே திரும்பிப் பார்க்கவில்லை என்றே கூறுவேன்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தின் முதற்கடமை, தொழிலில் உறவினர் எவரும் இல்லாத மாணவருக்கு உறவாக நிற்பதாகும். இது புதுமையான கருத்தன்று. டாக்டர் அம்பேத்கர் ஒரு ராணுவச் சுபேதாரின் மைந்தர். அமெரிக்காவிலும் லண்டனிலும் பயின்று, பாரிஸ்டராகி, 1923-இல் இந்த நகரத்துக்குத் திரும்பினார். தொழில் நடத்தச் சன்னத்துப் பெறுவதற்கும் கையில் பணமில்லை. அமெரிக்காவில் பயின்ற நாளில் நண்பரான நவல் பதேனா என்னும் பார்சி அன்பரே உதவினார். சன்னத்துப் பெற்ற பின்னும், சாதியின் காரணத்தால் அவரிடம் வழக்குகளைக் கொடுக்கப் பலர் தயங்கினர். அந்த அம்பேத்கரே 1935-இல் மும்பை அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராக அமர்ந்தார். 1855-இல் தோன்றிய பழம்பெருங் கல்லூரி அது. படித்த காலத்து நண்பர் ஒருவர் தக்க தருணத்தில் நீட்டிய கை எவ்வளவு தூரம் சென்றது பாருங்கள். தனி மனிதர் ஒருவர் செய்ததை ஒரு சங்கம் முறையாகச் செய்தால் எத்தனை பேர் கரையேறுவர்!

மற்றோர் உதாரணமும் இந்த நகரத்திலேயே உண்டு. சர் ஜாம்ஷெட்ஜி காங்கா என்ற மூத்த வழக்கறிஞரின் அலுவலகம் இளைஞர்களுக்கு ஒரு குருகுலமாக விளங்கியது. எளிய பார்சிக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் திக்குவாயால் துன்புற்ற நானி பல்கிவாலா, அரசு சட்டக் கல்லூரியில் பயின்றபின் அங்கேதான் தொழில் பழகினார். 1950-இல் வெளிவந்த வருமான வரிச் சட்ட நூலில் சீனியரின் பெயரோடு அந்த இளைஞரின் பெயரும் சேர்ந்து அச்சாயிற்று. பெரியவர் ஒருவர் சிறியவரைத் தம் பக்கத்தில் அமர்த்திக்கொள்வது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்தக் குருகுலம் இன்னொரு பாடத்தையும் புகட்டுகிறது. எச். எம். சீர்வாய் என்ற பேரறிஞரும் அதே அலுவலகத்தில் வளர்ந்தவர். கேசவானந்த பாரதி வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 13 நீதிபதிகள் முன்னிலையில் 68 நாட்கள் நடந்தது. 1973 ஏப்ரல் 24-இல் தீர்ப்பாயிற்று. அதில் மனுதாரர் பக்கம் வாதாடியவர் பல்கிவாலா. எதிரே கேரள அரசின் பக்கம் நின்றவர் சீர்வாய். ஒரே அடுப்பில் உண்டவர்கள் எதிரெதிரே நின்று, தத்தம் கட்சிக்காக முழு வலிமையோடு வாதிட்டனர். இஃதன்றோ தொழில் தருமம்!

இதை ஏன் கூறுகிறேன்? பழைய மாணவர் சங்கம் ஒரு சிபாரிசுக் கூடமாக மாறிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. “நம் கல்லூரிக்காரர் நீதிபதியாக இருக்கிறார், காரியம் எளிதில் முடியும்” என்ற எண்ணம் ஒருமுறை நுழைந்துவிட்டால், அந்தச் சங்கம் இருப்பதைவிட இல்லாதிருப்பதே நாட்டுக்கு நன்று. கதவு எங்கே என்று காட்டுவது உதவி. பின்கதவைத் திறந்துவிடுவது துரோகம். உறுப்பினர்கள் இந்த வேற்றுமையை மறத்தலாகாது.

இரண்டாவது கடமை, கல்லூரியின் வாயிலை அகலமாக்குவது. பெங்களூரில் டாக்டர் மாதவ மேனன் முதல் இயக்குநராக இருந்து உருவாக்கிய தேசியச் சட்டப் பள்ளி, 1988-இல் தன் முதல் மாணவர்களை ஏற்றது. அதன் வழியே நாட்டில் வேறு பல சட்டப் பல்கலைக்கழகங்களும் தோன்றின. 2008 முதல் பொது நுழைவுத் தேர்வு நடந்து வருகிறது. கல்வித் தரம் உயர்ந்தது என்பது உண்மை. கட்டணமும் ஆண்டுக்குச் சில இலட்சம் என உயர்ந்துவிட்டது என்பதும் உண்மையே. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும், கண்பார்வை அற்ற பிள்ளைக்கும் அந்தப் பள்ளிகள் எட்டாக்கனி ஆகலாமா என்று கவலையுற்றவர் ஒருவர். அவர் அந்தப் பெங்களூர்ப் பள்ளியின் பழைய மாணவராகிய பேராசிரியர் ஷம்நாத் பஷீர். அத்தகைய பிள்ளைகளைத் தேடிக் கண்டு, நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி அளித்து, படிப்புக் காலத்திலும் துணை நிற்கும் ‘இடியா’ என்னும் அறக்கட்டளையை அவர் 2010-இல் தொடங்கினார். 2019-இல் அவர் மறைந்தார், பணி நிற்கவில்லை. பழைய மாணவர் என்ற சொல்லுக்கு அவர் வாழ்க்கையே விளக்கம்.

மூன்றாவது கடமை நம் போன்ற பொதுமக்களுக்குரியது. இதுவே தலையாயது என்பது என் எண்ணம். பணமில்லை என்ற காரணத்தால் எவர்க்கும் நீதி மறுக்கப்படலாகாது என்னும் கொள்கை, 39-அ என்ற பிரிவாக 1976-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதற்கிணங்க 1987-இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பெண்கள் தம் வருமானம் எவ்வளவாயினும் இலவச வக்கீல் உதவி கோரலாம். தொழிலாளர்க்கும், தாழ்த்தப்பட்டோர்க்கும், மலைவாழ் மக்களுக்கும், சிறையிலுள்ளோர்க்கும் அந்த உரிமை உண்டு. இந்த அவையிலுள்ள தாய்மார்களில் எத்தனை பேர் இதை அறிவீர்கள்?

மும்பையில் நாம் நாள்தோறும் காணும் துயரத்தை எடுத்துக்கொள்வோம். நெரிசல் மிகுந்த லோக்கல் ரயிலிலிருந்து பயணி ஒருவர் தவறி விழுந்து இறந்துவிடுகிறார். ரயில்வேயின் தவறு என்று மெய்ப்பிக்காவிடினும், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவின்படி அவர் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு. மரணத்துக்கு முன்பு 4 இலட்சமாக இருந்த தொகை, 2017 ஜனவரி 1 முதல் 8 இலட்ச ரூபாயாக உயர்ந்தது. தண்டவாளத்தைக் கடக்கையில் அடிபட்டவர்க்கும், தற்கொலை செய்துகொண்டவர்க்கும் இது பொருந்தாது. உடலருகே டிக்கெட் கிடைக்கவில்லை என்ற ஒன்றைக் கொண்டே உரிமையை மறுத்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ரீனா தேவி வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆனால் ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனல் எனப்படும் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். கணவனை இழந்து, மொழி புரியாத நகரில், இரு குழந்தைகளோடு நிற்கும் தமிழ்ப்பெண்ணுக்கு இந்த ஓராண்டு அழுகையிலேயே கழிந்துவிடும். பிறகு தரகர்கள் வருவர். கிடைப்பதில் பாதியைக் கேட்பர். நான் உண்பது ரயில்வேயின் சோறு. எனினும், சட்டம் தந்ததைக் கேட்டுப் பெறுவது நன்றி கொன்றதாகாது.

இங்கேதான் பழைய மாணவர் சங்கத்தின் தேவை தெரிகிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. துயரம் குடியிருப்பில் இருக்கிறது. இடையே நடந்து வருவதற்கு ஓர் ஆள் வேண்டும். ஓராண்டுக் கெடு, கொடுக்க வேண்டிய சான்றுகள், கையெழுத்திடக் கூடாத வெற்றுத்தாள் ஆகியவற்றைத் தாய்மொழியில் எடுத்துரைக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

ஆகவே நம் சங்கத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள். சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் தம் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தில் தவறாது சேர வேண்டும். சேர்ந்து, மூன்று காரியங்களை அங்கே வற்புறுத்த வேண்டும். முதலாவது, துணையற்ற இளம் வக்கீல்களை ஏற்றுக்கொள்ள இசையும் சீனியர்களின் பெயர்ப்பட்டியல். இரண்டாவது, முதல் இரண்டாண்டு வறுமையைத் தாங்க ஒரு சிறு நிதி. மூன்றாவது, மாதம் ஒரு ஞாயிறு இத்தகைய காலனிகளுக்கு வந்து, மக்கள் மொழியில் இலவச ஆலோசனை. நம் மன்றத்தின் அறையும் நாற்காலிகளும் அதற்கு எப்போதும் திறந்திருக்கும் என்று நிருவாகிகள் சார்பில் செயலாளர் இசைவு தந்திருக்கிறார். தேநீர்ச் செலவு நம்முடையது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை சட்டம் பயில விரும்பினால், நமக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று அஞ்சித் தடுக்காதீர்கள். இன்று ஒருவர் இல்லாமல் இருக்கலாம். முதலில் செல்லும் பிள்ளை, அடுத்து வரும் பிள்ளைக்கு இருப்பவராக ஆகிவிடுவார். அவ்வாறு ஆகிவிட்டவர், தாம் ஏறிவந்த ஏணியை மேலே இழுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். பழைய மாணவர் சங்கத்தின் விதிகளை எத்தனை பக்கங்களில் எழுதினாலும், அவற்றின் சாரம் இதுவே.