கப்பலின் அடியும் கடல் நத்தையும்

பித்தளைப் பாத்திரத்தில் சமைப்பதற்கு முன் உட்புறம் ஈயம் பூசிக்கொள்வது கும்பகோணத்து வீடுகளில் நெடுநாளைய வழக்கம். ஈயம் என்று நாம் சொன்னாலும் அது வெள்ளீயமே. புளி பட்டுக் களிம்பு ஏறாமல் தடுத்து, உண்பவரை அது காக்கிறது. அதே வெள்ளீயம் வேறொரு சேர்க்கையில் கடலின் சிற்றுயிர்களுக்கு நஞ்சாகிய வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

நீரில் நிற்கும் கப்பலின் அடியில் முதலில் பாசி படரும். பிறகு சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் மட்டியும் புழுக்களும் குடியேறும். கப்பலின் வேகம் குறையும். எண்ணெய்ச் செலவு ஏறும். கட்டுமரக்காரருக்கு இத்தொல்லை இல்லை. கரை சேர்ந்ததும் மரங்களைப் பிரித்து வெயிலில் உலர்த்திவிடுவார். ஒட்டியது காய்ந்து உதிர்ந்துவிடும். பெருங்கப்பலை அவ்வாறு பிரித்துப் போட முடியுமா?

ஆகவே 1960-களில் டிரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்மத்தை வண்ணத்தில் கலந்து கப்பலின் அடியில் பூசத் தொடங்கினர். கப்பல் தூய்மையாகத்தான் இருந்தது. ஆனால் நஞ்சு பூச்சோடு நிற்கவில்லை. சிறிது சிறிதாக நீரில் கசிந்தது. 1970-களின் பிற்பகுதியில் பிரெஞ்சு நாட்டு ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடுகள் தடித்து உருக்குலைந்தன. இங்கிலாந்தில் பிளிமத் கரையின் நத்தைகளுக்கு நேர்ந்தது இன்னும் விந்தை. பெண் நத்தைக்கு ஆணின் உறுப்பு முளைத்தது. முட்டை வெளிவரும் வழி அடைபட்டு, முட்டை உள்ளேயே தங்கி அது மடிந்தது. இதற்கு வேண்டிய நஞ்சின் அளவு எவ்வளவு என்கிறீர்கள்? லட்சம் கோடிப் பங்கு நீரில் ஓரிரு பங்கு போதும்!

பிரெஞ்சு அரசு 1982-இல் சிறு படகுகளுக்கு இப்பூச்சைத் தடுத்தது. பிரிட்டன் 1987-இல் அவ்வழி சென்றது. உலக நாடுகள் 2001-இல் செய்துகொண்ட உடன்படிக்கை 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பல கரைகளில் நத்தைகள் மீண்டும் பெருகின. எனினும் துறைமுகச் சேற்றில் படிந்த பழைய நஞ்சு எளிதில் அழிவதில்லை. தூர் வாரும்போது மறுபடி கிளம்புகிறது.

இப்போது பெரும்பாலும் தாமிரம் கலந்த பூச்சுகளே வழக்கில் உள்ளன. மயில்துத்தத்தை அளந்து தெளிக்கும் உழவருக்குத் தாமிரத்தின் கடுமையை நான் விளக்க வேண்டியதில்லை. பூச்சு கசிவது ஒரு பக்கம். துப்புரவின்போது சுரண்டி விழும் தூளும் செதிலும் மறுபக்கம். கப்பல் நீரில் நிற்கும்போதே தேய்த்தால், ஓராண்டில் மெல்லக் கசிய வேண்டியதில் ஒரு பகுதி ஒரே நாளில் இறங்கிவிடும்.

இது நம் கரைக்கும் உரிய செய்தி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனம் பெருக்கட்டும் என்று நாகப்பட்டினத்து விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. படகுகளைக் கரையேற்றிச் சுரண்டி வண்ணம் பூசுவதும் அந்த ஓய்வு நாட்களில்தான்! சுரண்டிய தூள் மணலிலேயே கிடந்தால், அலையோ மழையோ அதைக் கடலில் சேர்த்துவிடும். வெள்ளை இறால் கடலில் பிறந்து, சிறு குஞ்சாக முத்துப்பேட்டைக் காயல் போன்ற கழிமுகங்களை நாடி வந்து வளர்கிறது. வளர்ந்த இறால் தாங்கும் தாமிரத்தை அந்தக் குஞ்சு தாங்காது.

தடுக்கும் வழி கடினமன்று. சுரண்டும் முன் படகின் அடியில் தார்ப்பாய் விரிக்கலாம். தூளை வாரி மூட்டையில் கட்டி, வெள்ளம் எட்டாத மேட்டில் தனியே வைக்கலாம். பெருங்கப்பல்களுக்கு உலர் துறையில் கழுவுநீரைத் தேக்கி வடிகட்டும் முறை உண்டு. கடற்கரைப் படகுத் தளங்களில் இதற்கென ஒரு தொட்டியும் சிமெண்டுத் தரையும் அமைத்துத் தருமாறு மீனவர் சங்கங்கள் அரசைக் கேட்கலாம். அடுத்த ஏப்ரலுக்குள் கேட்பது நல்லது.